தொண்ணூற்றிரண்டு விழுக்காட்டுக் கைராசி

கண்ணுள்ளவர்கள் வாருங்கள். கண்டதைச் சொல்ல நாக்குள்ளவர்கள் முன்வரிசைக்கே வாருங்கள். ஒரு பெண்ணின் இரண்டு கைகள் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கைகள் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. யார் கன்னத்திலும் விழவில்லை. அவற்றுக்கு ராசி இல்லையாம், அதுவே குற்றம். சொன்னவர் தெருமுனையில் உட்கார்ந்து ரேகை பார்ப்பவராக இருந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம். சொன்னவர் கரிம வேதியியல் பேராசிரியர். சொன்ன இடம், அறிவு ஒன்றையே நம்புவதாக வாசலில் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஏறி வாருங்கள். பார்த்த பிறகும் வாய்மூடி இருக்க முடிந்தால், அது உங்கள் சாமர்த்தியம்.

அந்தப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தொண்ணூற்றிரண்டு. காரணம் இருந்தது. இரண்டு வளைய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க உலகம் முழுவதும் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைத் தேடி அலைகிறது. இவரோ எந்த உலோகமும் இல்லாமலே ஒட்டவைத்தார். நூறு பங்கு கிடைக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றிரண்டு பங்கு கிடைத்தது. அந்த விளைச்சல் அச்சில் ஏறிய நாளிலிருந்து மனிதர் தரையில் கால் வைத்து நடக்கவில்லை. அவர் திருத்தும் தேர்வுத்தாளில் எந்த மாணவருக்கும் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் விழுந்ததில்லை. வீட்டுக் கதவு எண்ணை மாற்றித் தரச்சொல்லி நகராட்சிக்கு மனு கொடுத்தார் என்றும் சொல்வார்கள். தொண்ணூற்றிரண்டாம் எண்ணை வைத்திருந்த அண்டை வீட்டுக்காரர் மறுத்ததால்தான் அது நடக்கவில்லையாம்.

அவரிடம் ஆய்வு செய்த மாணவிக்கு அந்த எண் வேறு விதமாகப் பொருள்பட்டது. அந்த வினையை அவள் தன் கையால் செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் கையெழுத்து விழாவிட்டால் பதிவு காலாவதி. பதிவு போனால் பட்டம் போகும். பட்டம் வரும் என்று நம்பி ஒரு கல்லூரி அவளுக்காகக் காலியாக வைத்திருக்கும் ஆசிரியர் நாற்காலியும் போகும். இத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு குடுவையின் அடியில் மஞ்சள் பொடி படிகிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

படியவில்லை. எத்தனை முறை செய்தாலும் குடுவை தண்ணீர்போலத் தெளிவாக நின்றது.

"என்னக்கா, இன்னைக்கும் பச்சத் தண்ணியா?" என்றான் பக்கத்து மேசைக்காரன். அவன் பேராசிரியரின் அக்கா மகன். வீட்டில் அவர் அவனுக்கு மாமா, இங்கே சார். இந்த வேறுபாட்டை அவன் நாக்கு இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

"பச்சத் தண்ணியா இருந்தா குடிச்சுட்டாவது போயிருப்பேன். நீ உன் வேலையப் பாரு."

"என் வேலைதான் முடிஞ்சுபோச்சே. எண்பத்தொன்பது."

"ஏன், தொண்ணூத்திரண்டு வரலையா?"

"வந்துச்சு. மாமாவத் தாண்டக் கூடாதுன்னு கொஞ்சம் கொட்டிட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

பேராசிரியர் உள்ளே வந்தார். முதுகில் கைகளைக் கட்டிக்கொண்டு, தானே கட்டிய அரண்மனையைச் சுற்றிப் பார்க்கும் மன்னரின் நடை. வினை நடந்ததா என்று காட்டும் மெல்லிய தகட்டை அவள் நீட்ட, வாங்கிப் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தார். மூலப்பொருள் வைத்த இடத்தில் வைத்தபடி ஒரு புள்ளியாக இருந்தது. புதுப்பொருளின் புள்ளி மருந்துக்கும் இல்லை.

"போட்டது போட்டபடி இருக்கு."

"ஆமா சார்."

"ஒரே புட்டி, ஒரே தராசு, ஒரே அடுப்பு. அவனுக்கு வருது. எனக்கு வருது. உனக்கு மட்டும் வரல. அப்ப மிச்சம் என்ன இருக்கு, சொல்லு."

"மேக்னெட் சார்."

"என்னது?"

"அவனுக்கு உங்க மேக்னெட்ட குடுத்தீங்க. எனக்குப் புதுசு குடுத்தீங்க. மத்தது எல்லாம் ஒண்ணுதான்."

அவள் சொன்னது காந்தக் கலக்கியை. விரல் நகத்தைவிடச் சற்றே நீளமான காந்தத் துண்டு. மேலே வெண்ணிறப் பிளாஸ்டிக் உறை. குடுவைக்குள் போட்டால் உருண்டு உருண்டு கலக்கிக்கொண்டே இருக்கும். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் கைக்கு அகப்படும் பொருள்தான். ஆனால் பேராசிரியரிடம் இருந்த கலக்கி பழையது. அதன் முதுகில் மைபோல ஒரு கறுப்புக் கறை ஊறியிருந்தது. பூட்டிய மேசை இழுப்பறைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி; பெட்டிக்குள் வெல்வெட் துணி; துணியின் மேல் அந்தக் கலக்கி உறங்கும். அவர் மாணவராக இருந்த நாளிலிருந்து அவரோடு இருப்பது அது. தனக்கும் வேண்டியவர்களுக்கும் மட்டுமே எடுத்துக் கொடுப்பார்.

"சுத்துறதுதான் அதுக்கு வேலை," என்றார் பேராசிரியர். "கறுப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன? வேதியியல் படிச்சுட்டுப் பேசற பேச்சா இது?"

"அப்ப அதையே எனக்கும் ஒரு தடவ குடுங்க சார்."

"கண்ட கை அதுல படக் கூடாது." அவர் அவள் கைகளைப் பார்த்தார். பரிதாபம் போன்ற ஒன்றைக் குரலில் குழைத்துக்கொண்டார். "நான் சொல்றேனேன்னு வருத்தப்படாதம்மா. கைராசின்னு ஒண்ணு இருக்கு. படிச்சவங்க வெளியில சொல்றதில்ல. உன் கைக்கு அது இல்ல."

கேட்டீர்களா? சந்தேகப்பட வேண்டிய பொருள் இழுப்பறைக்குள் இருக்கிறது, அதைச் சோதிக்கமாட்டார். சோதிக்கவே முடியாத ஒன்றைக் கண்டுபிடித்து அவள் தலையில் கட்டுவார். இதற்கு மாதச் சம்பளம், இதற்கு மேடை, இதற்கு மாலை.

அன்று மாலை அவள் தன் அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். அக்கா தையல் வேலை செய்பவள். தங்கை வந்து கோத்துக் கொடுத்தால்தான் ஊசியில் நூல் ஏறும், கண் அவ்வளவு மங்கிவிட்டது.

"அக்கா, என் கைக்கு ராசி இல்லையாம்."

"யாருடி சொன்னது?"

"எங்க சார்."

"அந்த மனுஷன இங்க வரச்சொல்லு. இந்தக் கறுப்பு நூல இந்தக் கறுப்பு ஊசியில அவரு ராசியால கோத்துக் குடுக்கட்டும், பாப்போம்." நூலை அவளிடம் நீட்டினாள். "கோத்துக் குடு, வெட்டியா அழாத."

அவள் கோத்தாள். ஒரே முயற்சியில் நுழைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் வீட்டுக்குப் போனாள். ஐயா தொலைபேசியில் இருந்தார். பரிசுக் குழு ஒன்று வரப்போகிறது. அந்த வினைக்கு அவர் பெயரையே சூட்டப்போகிறார்கள். சபையின் முன் அவரே செய்து காட்ட வேண்டும். அந்த மகிழ்ச்சி அறைக்கதவைத் தாண்டி வீடு முழுக்கக் கேட்டது. அவர் மனைவி அவளைச் சமையலறைக்கே அழைத்து உட்காரவைத்தாள். அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் எடை எழுதி ஒட்டப்பட்டு நின்றன.

"இதெல்லாம் சார் ஒட்டினதா அம்மா?"

"வேற யாரு? சாப்பாடு நல்லா இருந்தா அவரு எழுதின அளவு சரி. உப்பு கூடிப்போனா என் கை சரியில்ல." அந்த அம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உனக்கும் அதத்தான் சொல்றாராமே. அவங்க அக்கா மகன் வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான்."

"ஆமாம்மா."

"எனக்கும் சொன்னாங்க. நானும் அவரும் ஒரே கூடத்துலதான் இருந்தோம், தெரியுமா? நான் பல்லேடியத்துல வேலை செஞ்சேன். யாருக்கும் வராத வினைகூட எனக்கு வரும். எங்க பெரிய சார், ‘பொண்ணுங்களுக்குக் கைராசி இல்ல, நோட்டு எழுதுங்க போதும்’னாரு. அப்புறம் கல்யாணம். நான் வெளிய வந்தேன். என் மேக்னெட்டு இவரோட உள்ள போச்சு."

"உங்க மேக்னெட்டா?"

"முதுகுல கறுப்பா இருக்குமே, அதேதான். பல்லேடியத்தோட நாள்கணக்கா கொதிச்சுக் கொதிச்சு ஊறிப்போன கறை. எவ்வளவு தேச்சாலும் போகல. இன்னும் வெச்சிருக்காரா அத?"

மாணவியின் கையிலிருந்த தேநீர் அப்படியே நின்றது. பல்லேடியம் ஒரு வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமல் மற்றவற்றைச் சேர்த்துவைக்கும். அதற்கு இம்மியளவு இருந்தால் போதும். ஒரு கறையே போதும். உலோகமே இல்லாத வினை என்று உலகுக்கு அறிவித்த அந்தக் குடுவைக்குள் உலோகம் தினமும் உருண்டுகொண்டிருந்திருக்கிறது. அதுவும் எந்த உலோகம் இல்லை என்று சொன்னாரோ, அதே உலோகம். அதுவும் யாருக்குக் கைராசி இல்லை என்று வெளியே அனுப்பினார்களோ, அவள் கைப்பட்ட உலோகம்.

மறுநாள் பக்கத்துக் கூடத்தில் ஊசிமுனை அளவு பல்லேடியத்தைக் கேட்டு வாங்கினாள். தன் புதுக் கலக்கியோடு, தன் ராசியில்லாத கைகளாலேயே, அதே வினைக்குள் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினாள். குடுவையின் அடியில் மஞ்சள் பொடி கொள்ளைகொள்ளையாகக் கிடந்தது.

அவள் துள்ளிக் குதிக்கவில்லை. உட்கார்ந்தாள், எழுதினாள். கண்டதைக் கண்டபடி ஆய்வேட்டின் கடைசி இயலாகச் சேர்த்து, பேராசிரியரின் மேசையில் வைத்தாள். அவர் அதைப் புரட்டினார். முதலில் நன்றியுரையைத் தேடினார், அதில் தன் பெயர் எந்த வரியில் வருகிறது என்று பார்த்தார், திருப்தியோடு மூடிவைத்தார். கடைசி இயலுக்கு அவர் விரல் போகவே இல்லை. தன் பெயர் இல்லாத பக்கத்தில் என்ன அறிவியல் இருந்துவிடப் போகிறது?

விழாவுக்கு முந்திய நாள் கூடத்தைக் கழுவினார்கள். ஜன்னல் பளபளத்தது, புகை உறிஞ்சும் கூண்டின் கண்ணாடிக் கதவு பளபளத்தது. பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து, பெட்டியைத் திறந்து, கலக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுளித்தார்.

"நாளைக்குப் படம் எடுப்பாங்க. இந்த அழுக்கோடயா சபையில வைக்கிறது?"

அக்கா மகன் உடனே ஒத்து ஊதினான். "ஆமா மாமா, பாக்கவே அசிங்கமா இருக்கு சார்."

"ராஜ திராவகத்த எடு."

பொன்னையும் கரைக்கும் அமிலக் கலவை அது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவள் தன் மேசையை விட்டு எழுந்தாள். அவளைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு சொல்லும் பேசாமல் நின்றிருந்தால் அவளை அவமதித்த மனிதர் நாளைக்குச் சபையில் தானாகவே கவிழ்வார். பேசினாள்.

"சார், அத மட்டும் கழுவாதீங்க. அந்தக் கறைதான் வினைய நடத்துது. கடைசி இயல்ல எழுதியிருக்கேன். ஒரு நிமிஷம் படிச்சுட்டு..."

"உன் கை வேண்டாம்னு சொன்னேன். இப்ப வாயும் வேண்டாம்."

"பல்லேடியம் சார் அது."

"என் குடுவையில உலோகமே கிடையாது. உலகத்துக்கே தெரியும்."

கண்ட கை படக் கூடாதல்லவா. தன் பொற்கைகளாலேயே கலக்கியை அமிலத்தில் இட்டார். கறை மெல்லக் கரைந்தது. அமிலம் செம்மஞ்சள் நிறம் கொண்டது. கலக்கி புதுப் பல்போல வெளுத்து வெளியே வந்தது. அதைத் துடைத்து வெல்வெட்டின் மேல் வைத்தபோது பேராசிரியரின் முகத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டி விட்டவரின் பெருமிதம்.

"இந்த அழுக்குத் தண்ணிய வெளிய ஊத்திடு," என்றார்.

அமிலத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பது அவரே சுவரில் ஒட்டவைத்த விதி. அவள் விதியை மதித்தாள். அதைக் காரம் விட்டுப் புளிப்படக்கி, ஒரு சிறிய புட்டியில் ஊற்றி, மூடி, இது எதைக் கழுவிய நீர் என்று மேலே எழுதி ஒட்டித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சபை கூடியது. மேடையில் அடுப்பு, அடுப்பின் மேல் உருண்டைக் குடுவை, குடுவைக்குள் சுழலும் வெள்ளைக் கலக்கி. பேராசிரியர் எல்லாவற்றையும் தாமே அளந்து போட்டார். "ஒரு மணி நேரத்தில் மஞ்சள் பொடி தோன்றும்" என்று அறிவித்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். ஏழு வயதில் சோப்பு நுரையைப் பார்த்து வியந்தது, இருபதில் முதல் குடுவையை உடைத்தது, முப்பதில் உலகை வென்றது. மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: தம் உடல்நலத்தைக் கவனித்துக்கொண்டவள். முன்வரிசையில் அந்த அம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கடந்தது. குடுவை தெளிவாக இருந்தது. பேராசிரியர் வாழ்க்கையில் இன்னும் சில ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டார். குடுவை தெளிவாகவே இருந்தது. அடுப்பின் சூட்டைக் கூட்டினார். நெற்றியைத் துடைத்தார். பரிசுக் குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "கண்ணாடி போடாம வந்துட்டேன், எனக்குத்தான் மஞ்சள் தெரியலையா?" என்றார்.

அப்போது பேராசிரியரின் பார்வை சபையைத் துழாவி, சுவரோரம் நின்ற மாணவியிடம் வந்து நின்றது. மூழ்குகிறவர் கையில் கட்டை அகப்பட்டது போல அவர் முகம் தெளிந்தது.

"அவ இங்க நிக்கறா. அப்புறம் எப்படி நடக்கும்?" என்றார், ஒலிபெருக்கி முன்னால் இருப்பதை மறந்து. பிறகு நினைவு வந்து, செந்தமிழில் திருத்தினார். "நுட்பமான வினைகளுக்குச் சூழல் முக்கியம். அந்த மாணவி தயவுசெய்து வெளியே செல்லவும்."

படித்தவர்கள் நிறைந்த சபை அது. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வால்போல நீண்டவர்கள். ஒருவர்கூட எழுந்து ஏன் என்று கேட்கவில்லை. தலைவர் தலையை ஆட்டினார், அருகிலிருந்தவர்களும் ஆட்டினார்கள். அவள் வெளியே போனாள். சபையும் விருந்துக்கு எழுந்து போனது. வினை அதற்குள் மனம் மாறிவிடும் என்பது ஏற்பாடு.

கூடம் காலியானதும் அவள் திரும்பி வந்தாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே பேராசிரியரின் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சாப்பிடப் போகலையாம்மா?"

"பசியில்ல." அந்த அம்மாள் குடுவையைப் பார்த்தாள். பிறகு மாணவியின் மேலங்கிப் பையைப் பார்த்தாள். "அடுப்ப அணைக்கல. சூடாத்தான் இருக்கு."

அவள் மேடையேறினாள். புட்டியைத் திறந்தாள். செம்மஞ்சள் நீரில் சில சொட்டுகளை எடுத்துக் குடுவைக்குள் விட்டாள். இருவரும் குடுவையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். தெளிவாக நின்ற நீர் முதலில் மங்கியது. பிறகு பால் திரிவது போலத் திரிந்தது. பிறகு மஞ்சள் பொடி மளமளவென்று இறங்கத் தொடங்கியது.

"வருது," என்றாள் அந்த அம்மாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்; எடுத்ததை மறந்து அப்படியே பிடித்துக்கொண்டாள்.

விருந்து முடித்து வந்தவர்கள் குடுவையைக் கண்டார்கள். கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் ஒரு நொடி திகைத்தார். மறுநொடி மார்பை நிமிர்த்தினார்.

"பார்த்தீர்களா? அவள் வெளியே போனாள், வினை நடந்தது."

"நான்தான் சார் நடத்தினேன்." மாணவி புட்டியை உயர்த்திக் காட்டினாள். "நேத்து உங்க மேக்னெட்டக் கழுவின தண்ணி இது. இதுல பல்லேடியம் இருக்கு. இதப் போட்டதும்தான் நடந்துச்சு. யாரு வேணும்னாலும் இப்பவே போட்டுப் பாக்கலாம். யார் கையாலயும் நடக்கும்."

கைதட்டல் நின்றது. பரிசுக் குழுத் தலைவர் புட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், அச்சடித்துக் கொண்டுவந்திருந்த பாராட்டிதழைப் பார்த்தார்.

"அம்மா, இது விழா," என்றார் மிகுந்த அன்போடு. "உண்மையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மாலை விழுந்தது. வினைக்குப் பெயர் சூட்டப்பட்டது. மீண்டும் கைதட்டினார்கள். பேராசிரியர் முன்வரிசைக்குக் குனிந்து, மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் பாக்கறாங்க, கை தட்டு."

"எனக்குத்தான் கைராசி இல்லையே," என்றாள் அந்த அம்மாள், கைகளை மடியில் வைத்தபடி.

மறுநாள் பேராசிரியர் ஆய்வேட்டின் கடைசி இயலை முதன்முறையாகப் படித்தார். அவருக்குப் புரிந்தது. புரியாதவராக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். மாணவியை அழைத்தார், குரலில் தேன் ஒழுகியது.

"இந்தக் கடைசி இயல எடுத்துடும்மா. இப்பவே கையெழுத்துப் போடறேன். உன் வேலையும் கெடாது, என் பேரும் கெடாது."

"எடுத்துட்டா இன்னும் எத்தன பேரு புது மேக்னெட்ட வெச்சுக்கிட்டுப் பச்சத் தண்ணியப் பாத்து அழுவாங்க சார்?"

"உனக்கு என்ன அதப் பத்தி?"

"நான் அழுதிருக்கேன் சார்."

பேனா மூடப்பட்டது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து புட்டியை வாங்கினார்; அரக்கு வைத்தார்; பேராசிரியரின் அனுமதியின்றித் திறக்கக் கூடாது என்று எழுதி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். அக்கா மகன் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. வெள்ளைக் கலக்கியோடு அவனுக்கும் இப்போது குடுவை தண்ணீராகவே நிற்கிறது. அவனுடைய ராசியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அவள் ஒவ்வொரு காலையும் வந்து தன் மேசையில் உட்காருகிறாள். வெயில் புட்டியின் வழியே விழுந்து அவள் கைகளின் மேல் செம்மஞ்சளாக நிற்கிறது.

மாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே உங்களிடம் வருகிறேன். சாட்சிக்கு அழைத்தேன், வந்தீர்கள், பார்த்தீர்கள். பார்த்தவர்களுக்கு வீட்டுக்குப் போகும் உரிமை இன்னும் வரவில்லை. மூன்று மாடி ஏறுங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். மாலை போட்டவர்களையும் கைதட்டியவர்களையும் கையோடு இழுத்துப் போங்கள். உங்கள் பட்டறையில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் சமையலறையில் எவராவது ஒரு பெண்ணின் கைக்கு ராசியில்லை என்று சொன்னால், அவருடைய பூட்டிய இழுப்பறையை முதலில் திறக்கச் சொல்லுங்கள். இங்கே கேட்க வேண்டியது அதைவிடச் சின்னது. பேராசிரியரின் மேசை முன்னால் நின்று, அவர் எழுந்து பதில் சொல்லும்வரை நகராமல் கேளுங்கள்: அந்த அரக்கை உடையுங்கள், ஒரு சொட்டை எங்கள் கண்முன்னே குடுவையில் விடுங்கள், பிறகு அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.